உடன் காண்பவர்

திருவெண்ணெய்நல்லூரில் பொல்லாப்பிள்ளையார் சன்னிதியில், ஏறக்குறைய எட்டு நூற்றாண்டுகளுக்கு முன்னர், மெய்கண்டார் என்னும் பாலகுரு மாணாக்கர் சூழ அமர்ந்து ஆணவ மலத்தின் இலக்கணத்தை விளக்கிக்கொண்டிருந்த வேளையில், அக்கூட்டத்தின் ஓரத்தில் வந்து நின்றவர் சாமானியர் அல்லர். ஆகமங்கள் அனைத்திலும் வல்லவர் என்பதனால் சகலாகம பண்டிதர் என்று பெயர் பெற்றவர். அந்தப் பாலகரின் குடும்பத்துக்கே குலகுருவாக விளங்கியவர். தம்மிடம் பாடங்கேட்டுக்கொண்டிருந்த மாணவர்கள் ஒவ்வொருவராக அங்கே போய்ச் சேர்வதைக் கண்டு மனம் பொறாமல், அப்படி என்னதான் இந்தப் பிள்ளை சொல்லிக்கொடுக்கிறான் என்று பார்த்துவிட வந்தவர். பாடத்தின் நடுவே, ஆணவத்தின் ஸ்வரூபம் யாது என்று அவர் நின்றபடியே ஒரு கேள்வியைப் போட்டார். மெய்கண்டார் வாய் திறந்து விடை சொல்லவில்லை. நின்றவரை உச்சி முதல் உள்ளங்கால் வரை ஒரு முறை நோக்கினார், அவ்வளவுதான். கேட்டவருக்கு விடை கிடைத்துவிட்டது. அந்தப் பெரியவர் அந்த இடத்திலேயே பணிந்து, அருணந்தி என்னும் நாமம் பெற்று, பிற்காலத்தில் சிவஞான சித்தியார் என்னும் பெருநூலை இயற்றினார் என்பது சைவ சம்பிரதாயம் சொல்லும் வரலாறு.

குருபக்தியின் மகிமைக்கு உதாரணமாக இக்கதையைச் சொல்வது வழக்கம்; அதில் தவறொன்றும் இல்லை. ஆயினும், இரவுப் பள்ளிகளில் பாடஞ் சொல்லும் இளைஞர்களோடும், அவர்களை மேற்பார்வையிடச் செல்வோரோடும் ஓரளவு பழகியவன் என்ற முறையில், இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வேறொரு எண்ணமும் எழுவதுண்டு. இது ஒரு வகுப்பைப் பார்வையிட வந்த அதிகாரியின் கதையும் ஆகும். வந்தவர் மூத்தவர், கற்பிப்பவர் இளையவர். வந்தவரிடம் சாஸ்திர ஞானமும் ஸ்தானமும் உண்டு, கற்பிப்பவரிடம் எதிரே அமர்ந்திருப்போரின் நம்பிக்கை ஒன்றே உண்டு. வந்தவர் தேடி வந்தது குறையை. மாணாக்கர் நடுவே ஓரிடம் பார்த்து உட்காராமல் நின்றுகொண்டே கேட்டதுதான் அவர் கேட்ட கேள்விக்கே விடையாகிவிட்டது என்பது கதையின் நுட்பம்.

ஒருவர் கற்பிப்பதை மற்றொருவர் அருகிருந்து பார்த்து, இது நன்று, இது பிசகு என்று சொல்லும் உரிமை எங்கிருந்து வருகிறது? அப்படிச் சொல்வதனால் கற்பிப்பவர் வளர்வது உண்மையானால், எந்த விதமான பார்வை அவரை வளர்க்கிறது, எந்த விதமான பார்வை அவரைச் சுருங்கச் செய்கிறது? நிர்வாக நூல்களில் இதற்குப் படிவங்களும் அட்டவணைகளும் விடையாகக் கிடைக்கும். என் அபிப்பிராயத்தில் இது படிவத்தால் தீரும் விஷயம் அன்று. காண்பதென்றால் என்ன என்னும் தத்துவ விசாரத்தில் போய் முடிகிற விஷயம்.

இந்தக் கேள்வி வேறெங்கையும்விட முதியோர் கல்வியில் கூர்மையாக எழுவதற்குக் காரணம் உண்டு. பிள்ளைகளின் பள்ளியில் ஆசிரியர் பெரியவர், மாணவர் சிறியவர்; வயதும் பதவியும் ஒரே பக்கம் நிற்கின்றன. இரவுப் பள்ளியிலோ அந்த ஒழுங்கு தலைகீழாகிவிடுகிறது. பள்ளிப்படிப்பை முடித்துவிட்டு வீட்டிலிருக்கும் ஒரு பெண், பகலெல்லாம் நாற்று நட்டுவிட்டு வந்து பாயில் உட்கார்ந்திருக்கும் அத்தைக்கும் பெரியம்மாவுக்கும் எழுத்துச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே என்று சொல்லி வளர்க்கப்பட்ட அவள் அவர்களுடைய பிழையைத் திருத்த வேண்டும். திருத்தும்போது அவர்கள் மனம் கோணாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். மனம் கோணினால் மறுநாள் பாயில் ஆள் இராது. இந்தப் பள்ளிக்கு வந்தே தீரவேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. இவ்வளவு சிக்கலான காரியத்துக்கு அவளுக்குக் கிடைத்த பயிற்சி சில நாட்களே. அத்தகையவளை ஒருவர் வந்து, அவளுடைய அத்தையின் முன்னிலையிலேயே, நீ செய்தது சரியில்லை என்று சொன்னால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

பார்வையிடல் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் ஆசிரியர்களுக்கு உண்டாகும் நடுக்கத்துக்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. 1862-இல் இங்கிலாந்தில், பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வந்து பிள்ளைகளைப் பரீட்சித்து, தேறியவர் கணக்கின்படி மானியம் அளிக்கும் ஏற்பாடு கொண்டுவரப்பட்டது. சிறிது காலத்தில் சென்னை மாகாணத்திலும் அதே வழியில் பரீட்சைப் பலனைப் பொறுத்து மானியம் கொடுக்கலானார்கள். வருகிறவரின் கண்ணில் உபாத்தியாயரின் வயிற்றுப்பாடே தொங்கியது. அந்த ஏற்பாடு போய் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. அச்சம் மட்டும் போகவில்லை. 1978-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி தேசிய முதியோர் கல்வித் திட்டம் தொடங்கியபோது, முப்பது மையங்களுக்கு ஒரு மேற்பார்வையாளர் என்ற கணக்கில் ஆட்களை நியமித்தார்கள். இரவுக்கு ஒரு மையம் என்று ஓய்வே இல்லாமல் போனாலும், ஒரு மையத்துக்கு மாதம் ஒரு முறைதான் போக முடியும். கடைசிப் பஸ் போய்விடுமே என்ற கவலையோடு வருகிற மனிதர் வேறு என்ன செய்வார்? வருகைப் பதிவேட்டை வாங்கிப் பார்ப்பார், தலைகளை எண்ணுவார், பெயரும் தலையும் ஒத்துவராவிட்டால் இரண்டு வார்த்தை கடிந்துகொள்வார், கையொப்பமிட்டுவிட்டுப் போவார். அவரைக் குறைகூறுவதில் பயனில்லை. பார்க்க அவகாசம் அளிக்காமல், பார்த்ததற்கு அத்தாட்சி மட்டும் கேட்ட ஏற்பாடு அது.

இனித் தத்துவத்துக்கு வருவோம். வேதாந்திகள் சாட்சி என்று ஒன்றைச் சொல்வார்கள். வித்தியாரண்யர் தம் பஞ்சதசியில் நாடக தீபம் என்று ஒரு பிரகரணமே வைத்திருக்கிறார். நடனசாலையில் ஏற்றிய விளக்கு, தலைவனையும் சபையோரையும் நர்த்தகியையும் ஒரேபடி விளக்குகிறது. அவர்கள் எல்லோரும் எழுந்து போன பிறகும் அப்படியே ஒளிர்கிறது. எதிலும் பற்றுவதில்லை, எதனாலும் மாறுவதில்லை. வகுப்பைப் பார்வையிடுகிறவரும் இந்தத் தீபத்தைப் போல விருப்பு வெறுப்பின்றி இருந்து, உள்ளதை உள்ளபடி பதிவு செய்தால் போதும் என்று நினைக்கத் தோன்றும். மேற்பார்வைக்கான படிவங்கள் பலவற்றின் அடியில் இந்த நினைப்புத்தான், பெயர் சொல்லாமல், இருந்துகொண்டிருக்கிறது. ஆனால் மானிடர் எவரும் அந்தத் தீபமாக இருக்க முடிவதில்லை. அவர் உள்ளே வந்து நாற்காலியில் அமர்ந்த கணத்திலேயே வகுப்பு வேறாகிவிடுகிறது. ஆசிரியையின் குரல் உயர்கிறது. சரளமாகப் படிக்கத் தெரிந்த ஒரே பெண்மணி எழுப்பி நிறுத்தப்படுகிறாள். மற்றவர்கள் மூச்சுக் காட்டாமல் இருக்கிறார்கள். விளக்கு வந்ததும் நர்த்தகியின் கால் பின்னுகிறதென்றால், அந்த விளக்கைச் சாட்சி என்று எப்படிச் சொல்வது?

இதற்கு மாறாக, மெய்கண்டார் சிவஞானபோதத்தின் பதினோராம் சூத்திரத்தில் காட்டும் நிலை ஒன்று உண்டு. கண் தானாகக் காண்பதில்லை. உயிர் அதற்குப் பொருளைக் காட்டுகிறது. காட்டுவதோடு நில்லாமல், கண்ணோடு கூடி நின்று தானும் காண்கிறது. அதுபோலவே இறைவன் உயிருக்கு அறிவித்து, உடன் நின்று அறியவும் செய்கிறான் என்பது கருத்து. காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என்று உரையாசிரியர்கள் இதனை இரண்டாக வைத்துப் பேசுவார்கள். திருவருளின் இயல்பைச் சொல்ல எழுந்த சூத்திரத்தை ஒரு மேற்பார்வையாளரின் தலையில் கொண்டுவந்து வைக்கிறேனே என்று சைவப் பெரியோர் கோபிக்கலாம், பொறுத்தருள வேண்டுகிறேன். ஆயினும் ஓர் அறிவு மற்றோர் அறிவுக்கு எவ்வாறு துணை செய்ய முடியும் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன இடத்தை நான் அறியேன். ஒருவர் தம்மால் காண முடியாததை அவருக்குக் காட்ட வேண்டும். காட்டிவிட்டு எட்ட நிற்காமல், அவர் காணும்போது அவரோடு கூட நின்று காணவும் வேண்டும்.

எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கம் மும்முரமாக நடந்துகொண்டிருந்த தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஒரு கிராமத்து மையத்தில், இது நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதை நேரில் பார்க்கக் கிடைத்தது. அந்த இயக்கத்தின் பாடப்புத்தகம் அ, ஆ என்று தொடங்காமல் ‘பட்டா’, ‘படி’ என்னும் சொற்களோடு தொடங்கியது. நிலத்துக்கு ஏங்குகிறவர்களுக்கும் படியளந்து கூலி வாங்குகிறவர்களுக்கும் முதல் நாளே உறைக்கக்கூடிய சொற்கள் அவை. அன்று மேற்பார்வைக்கு வந்தவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். அவருக்காக எங்கிருந்தோ ஒரு நாற்காலி வந்தது. அவர் அதில் மேல்துண்டைப் போட்டுவிட்டுப் பாயில், கடைசியாக இருந்த ஒரு மூதாட்டியின் பக்கத்தில், போய் உட்கார்ந்துகொண்டார். தொண்டராக இருந்த பெண் கரும்பலகையில் ஒவ்வொரு சொல்லாகத் தொட்டுக் காட்ட, எல்லோரும் ஒரே குரலில் கணீரென்று சொன்னார்கள். கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பாடம் முடிந்து, எல்லோரும் லாந்தரை எடுத்துக்கொண்டு கலைந்த பிறகுதான் அவர் பேசினார்.

“உங்க அத்தை வாய் ‘பட்டா’ன்னு சொன்னப்போ, விரல் புஸ்தகத்துல ‘படி’ மேல இருந்துச்சும்மா. நீ பக்கத்துல வர்றதைப் பார்த்ததும் சிலேட்டை முந்தானையால துடைச்சுட்டாங்க.”

அந்தப் பெண் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “எல்லாரும் சேர்ந்து சொல்றப்போ எனக்குச் சத்தந்தான் ஐயா கேட்குது, விரல் தெரியலையே” என்றாள்.

“ஆமா, நீ நிக்கிற எடத்துலேர்ந்து தெரியாது. நானும் உட்கார்ந்ததாலதான் பார்த்தேன். நாளைக்கு என்ன செஞ்சு பார்க்கலாம்?”

“நான் அத்தைகிட்டப் போய் உட்கார்ந்துக்கறேன். போர்டுல தொட்டுக் காட்டறதை அத்தையோட மருமக செய்யட்டும். அவங்களுக்கு எழுத்து வந்துருச்சு.”

அவர் அதற்கு ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை; நாளை மறுநாள் வருகிறேன், எப்படி இருந்ததென்று சொல் என்று மட்டும் கூறிவிட்டு, டார்ச் வெளிச்சத்தில் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார். இத்தனைக்கும், கூட்டாகச் சொல்லவைத்தால் தெரியாதவர்கள் தெரிந்தவர்களின் குரலுக்குள் ஒளிந்துகொள்வார்கள் என்பது ஆசிரியத் தொழிலில் பழுத்த அவருக்கு எப்போதோ தெரிந்த உண்மை. அதை ஓர் உபதேசமாகச் சொல்லியிருந்தால் அந்தப் பெண் தலையை ஆட்டியிருப்பாள், மறந்தும் இருப்பாள். அவர் சொன்னது ஒரு விரல் இருந்த இடத்தை மட்டுமே. அவள் நின்ற இடத்திலிருந்து காணமுடியாத அதைக் காட்டியது முதல் உபகாரம்; அடுத்து என்ன செய்யலாம் என்று அவள் யோசித்தபோது கூடவே இருந்தது இரண்டாவது. இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். அவர் பார்த்தது ஆசிரியையை அன்று, படிக்க வந்த மூதாட்டியை. கற்பிப்பவரின் நடையையும் குரலையும் கையெழுத்தையும் குறித்துக்கொண்டு வருகிறவர் பெரும்பாலும் தம்முடைய ரசனையைத்தான் குறித்துக்கொண்டு வருகிறார். கற்பவரிடம் என்ன நிகழ்ந்தது என்று பார்க்கிறவருக்கே சொல்லத்தக்க செய்தி ஒன்று கிடைக்கிறது.

பௌத்த சங்கத்தார், குறையை எடுத்துச் சொல்லும் இந்த விஷயத்தை மிகவும் நுணுக்கமாக ஆராய்ந்தவர்கள். மழைக்கால மூன்று மாதங்கள் பிக்ஷுக்கள் ஓரிடத்தில் கூடி வசிப்பார்கள். அது முடியும் நாளில் பவாரணை என்னும் சடங்கு நடைபெறும். ஒவ்வொரு பிக்ஷுவும் கைகூப்பி, என்னிடம் நீங்கள் கண்டதோ கேட்டதோ சந்தேகித்ததோ ஏதேனும் குற்றம் இருந்தால் கருணை கூர்ந்து சொல்லுங்கள், அறிந்தால் திருத்திக்கொள்வேன் என்று சங்கத்தை வேண்டுகிறார். வயதிலும் தவத்திலும் மூத்தவரே முதலில் வேண்டுகிறார் என்பதைத்தான் நான் மிகவும் வியக்கிறேன். சிராவஸ்தி நகரத்துக் கிழக்குத் தோட்டத்தில் புத்தர் பெருமானே ஒரு பவாரணையில் ஐந்நூறு பிக்ஷுக்களிடம் தம் செயலிலோ சொல்லிலோ குறை காண்கிறீர்களா என்று கேட்டார் என்றும், சாரிபுத்தர் எழுந்து குறையில்லை என்று கூறிவிட்டு உடனே தமக்காகவும் அதே கேள்வியைக் கேட்டார் என்றும் பாலி சூத்திரம் கூறுகிறது. குறை சொல்லப் புகுகிறவருக்கும் அவர்கள் விதி வைத்தார்கள். காலமறிந்து சொல்லவேண்டும், உண்மையையே சொல்லவேண்டும், மென்மையாகச் சொல்லவேண்டும், பயனுள்ளதைச் சொல்லவேண்டும், உள்ளே துவேஷமின்றி மைத்ரியோடு சொல்லவேண்டும். இவற்றைத் தன்னுள் நிச்சயித்துக்கொண்ட பிறகே வாய் திறக்கவேண்டும். முன்சொன்ன தலைமையாசிரியர் சங்கத்தின் விதிநூலாகிய விநய பிடகத்தைக் கண்ணால் கண்டவர் அல்லர். ஆயினும் அத்தை போன பிறகு பேசினார், கண்டதை மட்டும் பேசினார். அனுபவம் அவரைத் தானாகவே அங்கே கொண்டுபோய் விட்டிருந்தது.

பவாரணையின் சூட்சுமம் அழைப்பில் இருக்கிறது. குறை கூறும் உரிமை பதவியிலிருந்து பிறப்பதில்லை. கேட்டுக்கொள்பவர் அதனைத் தருகிறார். தராத உரிமையை எடுத்துக்கொண்டு சொல்லப்படும் சொல் எவ்வளவு உண்மையாக இருந்தாலும், கேட்பவருடைய மனம் தன்னைக் காத்துக்கொள்வதிலேயே முழுதும் ஈடுபட்டுவிடுவதால், உள்ளே போவதில்லை. இதை நியமனத்தில் இருப்பவர்களிடம் சொன்னால், ஆசிரியர் அழைக்கும்வரை காத்திருந்தால் யாரும் அழைக்கமாட்டார்கள் என்று ஆட்சேபிப்பார்கள். அந்த ஆட்சேபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் யாரும் அழைப்பதில்லை என்றால் முன்பு வந்தவர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்று விசாரிக்க வேண்டாமா? நான் ஒரு வகுப்பு எடுக்கிறேன், நீ உட்கார்ந்து பார்த்து எங்கே தடுக்கியது என்று சொல் என்று மேற்பார்வையாளர் தாமே முதலில் கேட்டுவிட்டால், மூத்த பிக்ஷு முதலில் கைகூப்பிய அதே காரணத்தால், அழைப்பு எதிர்ப்பக்கத்திலிருந்தும் வரத்தான் செய்யும்.

மென்மை என்றவுடன் சிலர் அதைக் குழைவு என்று எண்ணிவிடுகிறார்கள். பத்து நல்ல வார்த்தை சொல்லி, நடுவே ஒரு குறையைச் சொருகி, மறுபடி புகழ்ந்து முடிக்கவேண்டும் என்று இக்காலப் பயிற்சி முகாம்களில் கற்பிக்கிறார்கள். எனக்கு இது உவப்பில்லை. அப்படிப் புகழப்பட்ட ஆசிரியர் இரண்டாம் முறையே புகழ்ச்சி ஆரம்பித்தவுடன் வரப்போகும் அடிக்குத் தயாராகிவிடுகிறார். அதன்பின் உண்மையான பாராட்டுக்கும் அவரிடம் மதிப்பில்லாமல் போகிறது. இடித்துரைக்கும் பெரியோர் இல்லாத மன்னன், கெடுப்பார் இல்லாவிட்டாலும் கெடுவான் என்று எண்ணியவர் வள்ளுவர். நட்பின் காரியமே அதுதான் என்றும் கருதியவர் அவர். பட்டா என்று சொன்ன வாயும் படியில் நின்ற விரலும் பாராட்டு எதுவும் சேர்க்காமல் அப்படியே சொல்லப்பட்டன. அந்தப் பெண்ணுக்கு அது வலித்திருக்கவும் கூடும். உண்மை வலிப்பது வேறு. சொல்லுகிறவர் வலிக்கச் செய்வது வேறு.

நம் இலக்கண நூலாரும் ஆசிரியரைப் பார்வையிடாமல் விட்டவர்கள் அல்லர். பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில் நல்லாசிரியர் இலக்கணத்தோடு நில்லாமல், ஆசிரியராகத் தகாதவர்க்கும் நான்கு உவமை வைத்தார். கழற்சிக்காய்களைப் போட்ட குடம், போட்ட முறை மாறி வேறு முறையில் கொட்டும். கருக்குமட்டை சூழ்ந்த பனை, தானாகக் கீழே விழுந்ததையன்றி நெருங்கி எடுக்கவிடாது. பருத்தி அடைத்த குடுக்கை, பிடுங்கிப் பிடுங்கித்தான் சிறிது தரும். வளைந்த தென்னை, நீர் வார்த்தவனை விட்டு அடுத்த வீட்டு முற்றத்தில் காயைத் தள்ளும். இந்நான்கிலும் அறிவில்லை என்ற குற்றம் எங்குமே இல்லை என்பதைக் கவனிக்கவேண்டும். குடத்தில் காய் உண்டு, பனையில் பழம் உண்டு, குடுக்கையில் பஞ்சு உண்டு, தென்னையில் தேங்காய் உண்டு. இருப்பது உரியவனிடம் போய்ச் சேரவில்லை என்பதே குறை. போய்ச் சேர்ந்ததா இல்லையா என்பது பெறுகிறவன் பக்கத்திலிருந்து பார்த்தால்தான் தெரியும். தன் காய்கள் எந்த முற்றத்தில் விழுகின்றன என்பது வளைந்த தென்னைக்குத் தெரிய வழியில்லை. பவணந்தியார் பாயில் உட்கார்ந்து பார்த்துத்தான் இதை எழுதியிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

அளவைகளை நான் வெறுப்பவன் அல்லன். 1988-இல் தொடங்கிய தேசிய எழுத்தறிவு இயக்கம், எழுத்தறிவு பெற்றவர் என்றால் நிமிஷத்துக்கு முப்பது சொற்கள் வாய்விட்டுப் படிக்கவும், ஏழு சொற்கள் பார்த்து எழுதவும் வேண்டும் என்று நியமம் வகுத்தது. ஏதோ ஒரு கோடு கிழிக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கோட்டைத் தாண்டியவர் எத்தனை பேர் என்ற கணக்கு, தாண்டாதவர் ஏன் தாண்டவில்லை என்பதை அந்த ஆசிரியைக்குச் சொல்லித் தராது. அதைச் சொல்லித் தர ஒரு மனிதர் வரவேண்டும், அவருக்கு ஒரு மணி நேர அவகாசம் வேண்டும், மறுபடி வர வழியும் வேண்டும்.

இப்போது புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் என்ற பெயரில் 2022 முதல் 2027 வரைக்குமான முயற்சி நடந்துகொண்டிருக்கிறது. கற்பிக்கிறவர்கள் தன்னார்வலர்கள், கற்றவர்களுக்கு முடிவில் ஒரு தேர்வும் உண்டு. இதற்குப் பொறுப்பேற்றிருப்பவர்களிடம் என் விண்ணப்பம் மிகச் சிறியது. வகுப்பைப் பார்வையிடும் படிவத்தில் ஆசிரியருக்கு மதிப்பெண் இடும் கட்டத்தை நீக்கிவிடுங்கள். அந்த இடத்தில், இன்று எதைப் பார்த்துச் சொல்லவேண்டும் என்று ஆசிரியரே எழுதித் தருவதற்கு இரண்டு வரி விடுங்கள். அவர் எழுதித் தந்த பிறகு உள்ளே போங்கள். நாற்காலி கொண்டுவந்தால் வேண்டாமென்று சொல்லிவிடுங்கள்.